திரையில் கறுப்பாய்த் தெரிந்த பெட்டி

விமான நிலையத்தின் அடித்தளத்தில், பயணிகள் கண்ணில் படாத ஓர் அறை உண்டு. மேலே நாம் பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகிறோமே, அந்தப் பெட்டி நகரும் பட்டையில் ஏறி, வளைந்து வளைந்து கீழே இறங்கி, இந்த அறையை ஒட்டித்தான் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழையும். அறைக்கு ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஓடுகிற பெட்டிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அங்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஊரார் பெட்டிக்குள் கண்ணை விடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்திக்கு 'கழுகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் கொஞ்சம் பயத்தோடுதான் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

முதலில் அவள் மேலேதான் வேலை பார்த்தாள், கைப்பைகளைச் சோதிக்கும் இடத்தில். ஒரு நாள் ஒரு வக்கீல் பெரிய தேன் பாட்டிலோடு வந்து, தேன் திரவமே கிடையாது, சட்டப்படி அது கெட்டிப் பொருள் என்று வாதாடினார். "அப்படிங்களா சார்?" என்று இவள் மூடியைத் திறந்து பாட்டிலைச் சாய்த்துக் காட்டினாள். தேன் தன் குணம் எதுவென்று வக்கீலின் கோப்பு மேலேயே நிரூபித்தது. புகார் போனது. அத்தனை பெரிய வாய்க்கு ஆட்களோடு பேச்சு வேண்டாம், பெட்டிகளோடு இருக்கட்டும் என்று மேலதிகாரி அவளைக் கீழே இறக்கிவிட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் செய்தார். அவளோ அங்கே போய்த்தான் பேர் வாங்கினாள்.

திரையில் துணியும் சோப்பும் புத்தகமும் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். உலோகம் நீலம். ஊடுருவ முடியாத கனத்த இரும்பு என்றால் கறுப்பு. அந்த நிறங்களை வைத்தே போர்வைக்குள் சுருட்டிய குட்டி கேஸ் சிலிண்டரை, ஷூவுக்குள் செருகிய சிகரெட் லைட்டரை, குழந்தையின் பால்மாவு டப்பாவில் ஒளித்த பெயின்ட் தின்னரை அவள் பிடித்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் வரும். ஆனால் பேட்டரி விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். கத்தி கீழே போகலாம், மேலே கூடாது. பேட்டரி மேலே போகலாம், கீழே கூடாது. "ஏன்?" என்று கேட்டால் முகம் மாறிவிடும். மேலே, ஆள் உட்காரும் இடத்தில் புகைந்தால் பார்க்கக் கண் இருக்கிறது, தண்ணீர் ஊற்றக் கை இருக்கிறது. கீழே, சரக்கு அறையில் பற்றிக்கொண்டால் பெட்டிக்குத் துணை பெட்டிதான். அதிலும் வீங்கிப்போன பேட்டரி என்றால் மேலும் கூடாது, கீழும் கூடாது, விமானத்தின் பக்கமே வரக் கூடாது.

பயிற்சி வகுப்பில் ஒருமுறை அவர்களுக்கு அதைக் காட்டினார்கள். மணல் தட்டில் ஒரு பழைய போன் பேட்டரி, உப்பிப்போய்க் கிடந்தது. முதலில் ஒன்றுமே ஆகவில்லை. பிறகு லேசாக ஓர் இனிப்பு வாசனை வந்தது, நகப்பூச்சைத் துடைக்கிற திரவத்தின் வாசனை. யாரோ சென்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பின் வரிசையில் ஒருவன் கேலி பேசினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் சீறல், வெள்ளைப் புகை, பிறகு தீ. அணைத்தார்கள், மறுபடி எரிந்தது. மறுபடி அணைத்தார்கள், மறுபடி எரிந்தது. அன்றிலிருந்து அவள் தலைமாட்டில் போனை சார்ஜ் போட்டதில்லை.

வீட்டில் அவள், அம்மா, தம்பி. அப்பா போனபோது தம்பி பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்று தள்ளிப்போட்டாள். அவன் நிலைக்கு வருவதற்குள் பேச்சு வருவதே நின்றுவிட்டது. அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். தம்பி செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். கை சுத்தமான வேலைக்காரன்தான், வாய்தான் கிடையாது. வந்தவர்களிடம் "இது தேறாது, புதுசு வாங்கிக்கங்க" என்று உண்மையைச் சொல்லிச் சொல்லியே கடையை மூடினான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்றைக்குப் பிடிபட்டவர்களின் கதையை அவள் சொல்வாள். குரல் மாற்றி, முகம் மாற்றி நடித்தே காட்டுவாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கடை மூடிய பிறகு தம்பியும் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான். இத்தனை வருஷம் காதில் போட்டுக்கொள்ளாதவன், இப்போது கேள்வியெல்லாம் கேட்டான்.

"கறுப்பாத் தெரிஞ்சா என்னக்கா பண்ணுவீங்க?"

"திறந்து பார்ப்போம்."

"எல்லாத்தையுமா?"

"கறுப்பா இருந்தா எல்லாத்தையும்தான். ஆனா இன்ன சாமான்னு நல்லாத் தெரிஞ்சா, நேரம் இல்லைன்னா, சில பேரு விட்டுடுவாங்க. சோம்பேறிங்க."

தம்பி தலையாட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அன்றைக்கே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தன் வேலையைத் தம்பி மதிக்கிறான் என்று அவளுக்குப் பூரிப்புதான் வந்தது.

வெளிநாட்டில் போன் கடை வைத்திருந்த நண்பன் ஒருவன் தம்பியைக் கூப்பிட்டான். விசா வந்தது, டிக்கெட் வந்தது. வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஆனது. அங்கே குளிர் அதிகம் என்று அம்மா கம்பளிச் சட்டைகளாக வாங்கிக் குவித்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கழுகு வேலை முடிந்து வந்தபோது, தம்பி கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், தள்ளு. நான் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றாள்.

"வீட்லயும் டூட்டியாக்கா?" என்று சிரித்தான். சிரிப்பு சரியாக இல்லை. பெட்டியின் நடுவில் அவனுடைய பழைய டூல் பெட்டி இருந்தது, இரும்புப் பெட்டி. அதை அவள் தொடப் போனபோது அவன் கை முந்திக்கொண்டது. "அடுக்கி வெச்சிருக்கேன், கலைஞ்சுடும்."

"விடேண்டி அவனை" என்று அம்மா வந்து சேர்ந்தாள். "நாளைக்குப் போறவனைப் போட்டுத் திருடனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிற."

அவள் விட்டுவிட்டாள். ஊரில் ஒருவனையும் நம்பாதவளுக்கு, தான் வளர்த்த பிள்ளையைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அம்மா ஒரு பழைய பச்சைத் துணியைக் கிழித்து, அடையாளத்துக்குப் பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள்.

மறுநாள் அவளுக்குக் காலை வேலை. தம்பியின் விமானம் மதியம். வழியனுப்ப மேலே போக முடியாது என்றாலும், பெட்டியாவது நம்மைத் தாண்டித்தானே போகும் என்று அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே இருந்தாள். பச்சைத் துணி ஆடிக்கொண்டு வந்தது.

சொந்தக்காரர்களின் பெட்டி வந்தால் திரையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. வேறொருவர் பார்க்க வேண்டும். விதி என்றால் அவளுக்குக் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் மாதிரி. சட்டென்று எழுந்து, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டாள். அவருக்குக் கண்ணாடி தடிமன், அதனால் எல்லோரும் 'சோடாபுட்டி' என்பார்கள். சோடாபுட்டியை எக்ஸ்ரே திரை முன்னால் உட்காரவைத்த மகானை நினைத்து அந்த அறையில் தினமும் ஒருமுறையாவது சிரிப்பார்கள். ஆனால் மனுஷன் வேலையில் கெட்டி. அவருக்கு வேலை பழக்கியதே அவள்தான்.

"என் தம்பி பெட்டி வருது. நீங்க உட்காருங்க."

"என்ன மேடம், கழுகு வீட்டுப் பெட்டியைச் சோதிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளா?"

"சோதிக்கிறது உங்க வேலை. பாருங்க."

அவள் திரைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள். பட்டை நின்றது.

"மேடம், நடுவுல சதுரமா ஒரு இடம் கறுப்பா இருக்கு. உள்ள ஒண்ணும் தெரியலை."

"அது டூல் பெட்டி. அவன் தொழில் சாமான், இரும்பு" என்றாள், திரும்பாமலேயே.

"அப்ப சரி."

பட்டை நகர்ந்தது. வேறு எவன் பெட்டியாக இருந்தாலும் அந்தக் கறுப்புச் சதுரம் நேரே திறந்து பார்க்கும் மேஜைக்குத்தான் போயிருக்கும். அவள் விதியை மீறவில்லை, கண்ணால் பார்க்கவில்லை. அவரும் மீறவில்லை, உட்கார்ந்து பார்த்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. பெட்டியைத் தாண்டவிட்டது அந்த வாய்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

டீ குடிக்கப் போனபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. பிள்ளை போன துக்கத்தில் அழப்போகிறாள் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"ஏண்டி, இவன் கம்பளிச் சட்டை ஒண்ணுகூட எடுத்துட்டுப் போகலைடி. எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில திணிச்சு வெச்சிருக்கான்."

"பெட்டியில இடம் இல்லையா இருக்கும்மா."

"முதல்ல நான் அடுக்கிக் குடுத்தப்ப எல்லாம் இருந்துச்சே. இடம் எங்க போச்சு? அது கிடக்கட்டும், உன் நகப்பாலிஷ் துடைக்கிற தண்ணியை அவன் அலமாரியில எதுக்கு வெச்ச? கொட்டியிருக்கு போல. அறை பூரா அதே வாசனை."

அவள் ஜென்மத்தில் நகப்பூச்சு போட்டதில்லை.

"அம்மா, அலமாரியில என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும்? அவன் கடையில இருந்து கொண்டுவந்த பழைய பேட்டரி. டப்பா டப்பாவா அடுக்கியிருந்தான். இப்ப ஒண்ணும் இல்லை, காலியாத்தான் கிடக்கு."

டீயை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று வாய் முணுமுணுத்தது. எடுத்தான்.

"அக்கா, கதவு சாத்திட்டாங்க. போனை அணைக்கச் சொல்றாங்க. போய்ப் பேசறேன்."

"டூல் பெட்டிக்குள்ள என்னடா வெச்சிருக்க?"

பின்னால் யாருடைய குழந்தையோ அழுதது, பெல்ட் போடச் சொல்லும் அறிவிப்பு கேட்டது.

"டேய், உன்னைத்தான்."

"பழைய மாடல் பேட்டரிக்கா. அங்க கிடைக்கவே கிடைக்காதாம். வெறுங்கையோட போய் நிக்க முடியுமா? ஒவ்வொண்ணுக்கும் டேப்பு சுத்தியிருக்கேன், ஒண்ணும் ஆகாது."

"வீங்கினது இருக்கா?"

"கொஞ்சம்தான்."

"எழுந்திரு. இப்பவே அங்க இருக்கிற ஏர் ஹோஸ்டஸ் பொண்ணுகிட்டச் சொல்லு."

"அக்கா, கால்ல விழறேன். இதை விட்டா எனக்கு வேற வழி கிடையாது. என் வாழ்க்கையைக் கெடுத்துடாத" என்றான். குரல் உடைந்திருந்தது. இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள், அணைத்துவிட்டிருந்தான்.

அந்த நடைபாதையில் ட்யூப்லைட் ஒன்று கெட்டுப்போய் மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெட்டி வண்டிகள் ஓடும் சத்தம். அவள் சுவரில் கையை ஊன்றி நின்றாள். சொன்னால் அவனைக் கையைப் பிடித்து இறக்குவார்கள். பாஸ்போர்ட்டில் கறை விழும், இனி எந்த நாடும் சேர்க்காது. அம்மா முகத்தில் விழிக்க முடியாது. தன் வேலையும் போகும். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, அதுதான் இதில் உள்ள கொடுமை. எத்தனை பெட்டிகள் தப்பிப் போய்ப் பத்திரமாக இறங்கியிருக்கின்றன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இன்றைக்கும் அப்படியே போய்விடக் கூடாதா?

உள்ளதைச் சொல்வதென்றால், உடனே ஓடவில்லை. அவள் நின்றாள். ஓடுபாதைப் பக்கம் எஞ்சின் உறுமும் சத்தம் சுவர் வழியாக உள்ளங்கையில் அதிர்ந்தது, அப்போதும் நின்றாள். பிறகு அவளுக்குத் தம்பியின் கால்கள் ஞாபகம் வந்தன. உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவான், சின்ன வயதிலிருந்தே அப்படி. இந்நேரம் அங்கேயும் வெறுங்காலைத் தரையில் வைத்துத்தான் உட்கார்ந்திருப்பான். அந்தத் தரைக்குக் கீழே அந்தப் பெட்டி.

ஓடினாள். மேலதிகாரி அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"சார், மதிய விமானத்தை நிறுத்துங்க. கீழ ஒரு பெட்டியில வீங்கின பேட்டரி இருக்கு. நிறைய இருக்கு."

அவர் போனை எடுத்துக்கொண்டே கேட்டார். "உறுதியா?"

"உறுதி சார்."

"யார் பெட்டி?"

"என் தம்பியோடது."

போனைப் பிடித்த கை ஒரு கணம் நின்றது. "யார் அதை விட்டது?"

"நான் சொல்லித்தான் போச்சு."

விமானம் ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை அவள் தூரத்தில், சரக்கு வாசலின் இரும்புக் கதவோரம் நின்று பார்த்தாள். பயணிகளை இறக்கினார்கள். கைக்குழந்தையோடும் கோபத்தோடும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பச்சைத் துணி கட்டிய பெட்டியை, தடித்த கையுறை போட்ட தீயணைப்புக்காரர்கள் யாருமில்லாத மூலைக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை வரவில்லை, சத்தம் வரவில்லை. டூல் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் போட்டார்கள். மீன் வாங்குகிறவர்கள் மாதிரி நிதானமாகப் போட்டார்கள்.

"இதுக்கா இத்தனை கூத்து?" என்று வரிசையில் யாரோ உரக்கக் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

தம்பியை இரண்டு காவலர்கள் அழைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நின்று, அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பார்த்தியா, ஒண்ணும் ஆகலை" என்று மட்டும் சொன்னான்.

கொஞ்சம் பொறுத்து, தீயணைப்புக்காரர் ஒருவர் கழற்றிய கையுறையோடு வந்தார். "ஒண்ணு மட்டும் வெதுவெதுப்பா இருந்துச்சும்மா. மத்ததெல்லாம் சும்மாதான் கிடந்துச்சு." அவள் அவரிடம் மறுபடி மறுபடி கேட்டாள், எவ்வளவு வெதுவெதுப்பு என்று. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "உறையைக் கழட்டிட்டுக் கையைக் கிட்ட கொண்டுபோனா தெரிஞ்சுது, அவ்வளவுதான்" என்றார்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். சோடாபுட்டி, அது தன் பிழைதான் என்று தானாகப் போய் எழுதிக்கொடுத்தார். அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தம்பியைச் சில நாள் வைத்திருந்து, ஜாமீனில் விட்டார்கள். வெளிநாட்டு நண்பன் வேறு ஆளை எடுத்துக்கொண்டதாகச் செய்தி அனுப்பினான். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்த புண்ணியவதி என்றார்கள். எவரும் அவளிடம் நேராகச் சொல்லவில்லை, அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொன்னார்கள்.

தம்பி வீட்டுக்கு வந்த அன்று, மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கதை சொல்ல ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் ஆகலைதானே? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்புறம் எதுக்குடி புடிச்சுக் குடுத்த?"

"ஒண்ணு சூடா இருந்துச்சும்மா."

"வெயில்ல வெச்சா எதுவும்தான் சூடாகும்" என்றான் தம்பி.

அவளுக்குச் சுருக்கென்றது. "இவன் அதுக்கு மேலதான்மா உட்கார்ந்திருந்தான். இவனை அப்படியே மேல அனுப்பிட்டு நான் கீழ டீ குடிச்சுக்கிட்டு இருக்கணுமா? இவன் உயிருக்காகத்தான் ஓடினேன். வேற எது போனாலும் போகட்டும்னு ஓடினேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. தம்பி மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற பார்வை.

"சரிக்கா. நான் போகாம, அந்தப் பெட்டியை வேற யார்கிட்டயாவது குடுத்து அனுப்பியிருந்தா? நான் பத்திரமா இங்க வீட்ல இருக்கேன். மாட்டினா நான்தான் ஜெயிலுக்குப் போகணும். அப்பவும் ஓடியிருப்பியா?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவள் வாயைத் திறந்தாள். வரிசையில் வெயிலில் நின்றவர்களை நினைத்துப் பார்த்தாள், சிரித்தவர்களை, கைக்குழந்தைக்காரியை. அவர்கள் முகம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அம்மா கரண்டியைப் பிடித்தபடி, பதிலுக்காக மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுகு தலையைக் குனிந்துகொண்டாள்.